அரசுக் கணினிகளைக் காக்க நம்மூர் நிறுவனங்களுக்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுத் துறைகளின் சைபர் பாதுகாப்புக்கு இவ்வளவு நிதி, தனியார் நிறுவனங்களுக்கு இவ்வளவு வாய்ப்பு என்று தொழில் பக்கத்தில் செய்தி வரும்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் அது கைமாறிக் கைமாறி மதியச் சாப்பாடு வரைக்கும் சுற்றும். நான் கோயம்புத்தூரில் ஒரு சிறிய பாதுகாப்புச் சோதனை நிறுவனத்தில் 12 வருடமாக வேலை செய்கிறேன். மொத்தம் 14 பேர். இணையதளங்களிலும் செயலிகளிலும் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, சர்வர்களைச் சோதிப்பது, ஏதாவது நடந்துவிட்டால் போய் மீட்டுக் கொடுப்பது, இதுதான் எங்கள் பிழைப்பு. இந்தச் செய்திகள் எதிலும் ஒரு விஷயம் வருவதே இல்லை. அரசு எவ்வளவு செலவு செய்கிறது என்று எழுதுகிறார்கள், எதை வாங்குகிறது என்று யாரும் எழுதுவதில்லை. நான் பார்த்த வரைக்கும் பணம் பாதுகாப்புக் கருவி என்ற பெட்டிக்கும் அதன் லைசென்ஸுக்கும் சான்றிதழுக்கும் போய்விடுகிறது. தினமும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலைக்கு ஆளும் இல்லை, அதற்கு டெண்டரும் இல்லை. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான்கு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை காலையில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் மூலமாகக் கூப்பிட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம். போய்ப் பார்த்தால் ஐந்து கணினிகளில் எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டுக் கிடந்தன, திரையில் பணம் கேட்டு ஒரு குறிப்பு. சொத்து வரிக் கணக்கு மையச் சர்வரில் இருந்ததால் அது தப்பியது. ஆனால் கட்டட அனுமதிக் கோப்புகள், குடிநீர் இணைப்பு விண்ணப்பங்கள், ஒப்பந்தக்காரர் பில்கள், தற்காலிகப் பணியாளர் சம்பளப் பட்டியல் எல்லாம் அந்தக் கணினிகளில்தான் இருந்தன. பேக்அப் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது சார் என்று ஒரு ஹார்டு டிஸ்க்கைக் காட்டினார்கள். அது எப்போதும் அதே கணினியில் செருகியபடியே இருந்திருக்கிறது, அதனால் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது வைரஸ். வெளித் தாக்குதலைத் தடுக்கும் ஃபயர்வால் கருவி? வாங்கியிருக்கிறார்கள். பீரோ மேல் அட்டைப்பெட்டியோடு இருந்தது. ஒரு வருட லைசென்ஸ், பெட்டியைப் பிரிக்காமலே காலாவதியாகிவிட்டது, ஏனென்றால் கொண்டுவந்து இறக்கியவருக்கு அதை மாட்டிக் கொடுப்பது ஒப்பந்தத்தில் இல்லை.

அந்த அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டது ஓர் இளநிலை உதவியாளர். அவருக்குக் கொஞ்சம் கணினி தெரியும் என்பதால் அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது, உத்தரவு எதுவும் கிடையாது. அடுத்த மூன்று வாரம் அவரும் இன்னும் இருவரும் எம் புக்கையும் (வேலைகளின் அளவைக் குறித்து வைக்கும் புத்தகம்) பழைய ரசீதுக் கட்டுகளையும் வைத்துக்கொண்டு இரவு எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். தப்பு தன்னுடையதுதானா என்று அவர் என்னிடம் இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று சொன்னேன், இப்போதும் அதையே சொல்வேன். அந்த அலுவலகத்துக்காக யாரோ ஒரு பெட்டியை வாங்கினார்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆளை யாரும் வாங்கவில்லை.

இது ஏதோ ஒரு சின்ன ஊர் கதை என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் நம் பொது விநியோகத் திட்டப் பயனாளிகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்திருப்பதாக பெங்களூரைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அதே வருடம் செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் ‘பொது’ என்ற பெயருள்ள துறையின் கணினிகளை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், பூட்டியது, கேட்டது 1,950 டாலர். அந்தத் தொகையைக் கவனியுங்கள். ஒரு மாநில அரசின் தலைமை அலுவலகத்தைக் குறிவைத்துத் திட்டமிட்டு வந்தவன் கேட்கிற தொகையாக எனக்கு அது படவில்லை, எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதில் நுழைந்து கிடைத்ததைக் கேட்கிற ஆசாமியின் தொகையாகத்தான் படுகிறது. அப்புறம் 2024 மே மாதம் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்திலிருந்து தகவல்கள் வெளியே போயின. அந்த மென்பொருளை உருவாக்கியது கொல்கத்தா சி-டாக், மத்திய அரசின் நிறுவனம். நிர்வாகிக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு வெளியாளிடம் சிக்கியதுதான் காரணம் என்று முதல்கட்ட விசாரணையில் தெரிந்ததாகக் காவல்துறை விளக்கம் கொடுத்தது.

ஒரு பாஸ்வேர்டு. அதைத் தடுக்க எத்தனை கோடி ரூபாய்க்குப் பெட்டி வாங்கினாலும் பிரயோஜனமில்லை. நிர்வாகிக் கணக்குக்குப் பாஸ்வேர்டோடு கைபேசி ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு இருக்க வேண்டும், அந்தக் கணக்கை யார் எங்கிருந்து பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றைக்கே மூட வேண்டும். இதெல்லாம் பெரிய தொழில்நுட்பமே இல்லை, ஒழுங்காகச் செய்ய ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற மாநிலங்களும் நம்மைவிட மேல் என்று சொல்ல முடியாது. 2019-இல் ஆந்திரா, தெலங்கானா மின்விநியோக நிறுவனங்களின் கணினிகள் ரான்சம்வேரில் மாட்டின. 2024 அக்டோபரில் உத்தராகண்டின் மாநிலத் தரவு மையத்தில் புகுந்த ரான்சம்வேரால் 90-ஐ ஒட்டிய அரசு இணையதளங்கள் நின்றுபோயின, முதல்வரின் குறைதீர்ப்பு உதவி எண் சேவை உட்பட. எல்லாத் துறைகளையும் ஒரே தரவு மையத்தில் வைப்பது செலவுக்கும் நிர்வாகத்துக்கும் நல்லதுதான். ஆனால் உள்ளே பிரிவுகளுக்கு இடையே சுவர் இல்லாவிட்டால் ஒரு துறையில் பிடித்த தீ எல்லாத் துறைக்கும் பரவும். நமக்கும் சென்னை பெருங்குடியில் மாநிலத் தரவு மையம் இருக்கிறது.

கொள்கை இல்லாமல் இல்லை. 2020 செப்டம்பரிலேயே தமிழ்நாடு தன் சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது, 2024-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தது. சி-டாக் நிறுவனத்தோடு சேர்ந்து கண்காணிப்பு மையம், சைபர் தாக்குதல் அவசரத்துக்குச் செர்ட்-டி.என். குழு என்று அமைப்புகளும் உருவாகின. இதைச் செய்தவர்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது, பல மாநிலங்கள் யோசிக்கும் முன்பே நாம் எழுதி வைத்தோம். ஆனால் அந்தக் கொள்கை தலைமைச் செயலகத்திலிருந்து இறங்கி ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ பேரூராட்சிக்கோ வரும்போது என்ன ஆகிறது என்றால், துறைக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் என்பது ஏற்கெனவே நான்கு பொறுப்பு பார்க்கிற ஒருவருக்கு ஐந்தாவது கூடுதல் பொறுப்பாக ஆகிறது, அவரும் அடுத்த மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுகிறார், பாஸ்வேர்டு எழுதிய டைரியும் அவரோடு போய்விடுகிறது. இன்றைக்கும் பல அரசு அலுவலகப் பலகைகளில் ஜிமெயில் முகவரிதான் இருக்கிறது. அந்த முகவரி யார் கைபேசியில் திறந்திருக்கிறது என்று அந்த அலுவலகத்துக்கே சரியாகத் தெரியாது.

இப்போது சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன், இது எங்கள் தொழிலைச் சேர்ந்தது என்பதால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். அரசு இணையதளத்தையோ செயலியையோ அரசுச் சர்வரில் ஏற்றும் முன்பு, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள தணிக்கை நிறுவனம் ஒன்று சோதித்துப் பாதுகாப்பானது என்று சான்று தர வேண்டும். நல்ல விதி. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? மென்பொருளை உருவாக்கிய ஒப்பந்தக்காரரே தணிக்கையாளரையும் பிடித்து வருகிறார், அவரே காசு கொடுக்கிறார். யார் குறைவாகக் கேட்கிறார்களோ, யார் சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் வேலை. சோதிப்பது தனியாக வைத்திருக்கும் சோதனைப் பதிப்பை. சான்று வாங்கின மறுவாரம் அவசரமாக ஒரு புதுப் பக்கம் சேர்ப்பார்கள், யாராவது அமைச்சர் நிகழ்ச்சி என்று சொல்லி இரவோடு இரவாக ஏற்றுவார்கள், அந்தப் புதுப் பக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஓட்டை அதில்தான் இருக்கும். சான்றிதழ் மட்டும் ஒரு வருடத்துக்குக் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

தணிக்கையாளருக்குத் துறையே நேரடியாகப் பணம் கொடுக்கட்டும். முதல் அறிக்கையில் எத்தனை குறைகள், அதில் எத்தனை சரிசெய்யப்பட்டன, எத்தனை நாளில் என்பதைத் துறைத் தலைவர் மாதாமாதம் பார்க்கட்டும். இந்த ஒன்று மாறினாலே பாதி மாற்றம் வந்துவிடும் என்று நான் நம்புகிறேன். இப்படி நேர்மையாகச் சோதித்ததால் வேலையை இழந்த நிறுவனங்கள் உண்டு, எங்களுக்கும் அது நடந்திருக்கிறது. 31 குறைகள் என்று அறிக்கை கொடுத்தோம், அடுத்த தடவை அந்த ஒப்பந்தக்காரர் எங்களைக் கூப்பிடவில்லை.

சரி, டெண்டருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1998-ஆம் வருட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படிதான் அரசுக் கொள்முதல் நடக்கிறது. இரண்டு உறை முறையில் முதலில் தொழில்நுட்பத் தகுதி பார்ப்பார்கள், தகுதி பெற்றவர்களில் யார் விலை குறைவோ அவருக்கு வேலை. சாலை போடுவதற்கும் நாற்காலி வாங்குவதற்கும் இது பொருந்துகிறது. பாதுகாப்பு வேலைக்கு வரும்போது தகுதி நிபந்தனைகளைப் படித்தால் கடந்த மூன்று வருட விற்றுமுதல் இத்தனை கோடி, இதே அளவு வேலையை ஏற்கெனவே அரசுக்குச் செய்த அனுபவம், இத்தனை சான்றிதழ் பெற்ற ஊழியர்கள், பெரிய முன்வைப்புத் தொகை என்று போகும். மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். கோவையிலோ மதுரையிலோ திருநெல்வேலியிலோ 10 பேர், 20 பேர் வைத்து நடத்துகிற நிறுவனங்கள் இதில் உள்ளே நுழையவே முடியாது.

அப்படியானால் பெரிய நிறுவனம் வந்து அந்த வேலையைச் செய்கிறதா? ஒப்பந்தம் அவர்கள் பெயரில் இருக்கும். அவர்கள் இன்னொருவருக்கு உள்ஒப்பந்தம் கொடுப்பார்கள், அவர் ஓர் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுப்பார், கடைசியில் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து நிற்பது படிப்பை முடித்து ஆறு மாதமான ஒரு பையனோ பெண்ணோ. திறமையான பிள்ளைகள்தான், ஆனால் கற்றுக்கொடுக்க மேலே யாரும் இல்லை, சம்பளமும் மூன்று கை மாறி வருகிறது, எட்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அரசு கொடுத்த பணத்தில் எவ்வளவு அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தால் வயிறு எரியும்.

பணம் வருவதிலும் தாமதம். குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியதற்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் வருட மத்தியச் சட்டம் சொல்கிறது, தாமதமானால் வட்டியும் உண்டு. சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்டால் அடுத்த வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரும் கேட்பதில்லை. மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டிய சின்ன நிறுவனம் ஓர் அரசு பில்லுக்காக ஒன்பது மாதம் காத்திருக்க முடியாது, அதனால் பலர் அரசு வேலையே வேண்டாம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் நிறுவனத்திலேயே பாதிப் பேர் இரவில் உட்கார்ந்து ஐரோப்பியக் கம்பெனிகளின் இணையதளங்களைச் சோதிக்கிறார்கள். நம் ஊர் ரேஷன் தளத்தையும் அவர்கள் சோதிக்கத் தயார்தான், யாரும் கேட்கவில்லை.

திறமை இங்கே இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கே7 ஆன்டிவைரஸ் சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து உருவாகி வருகிறது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இப்போது ஜோஹோ தளத்தில் ஓடுகிறது, அந்த ஜோஹோ தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து நடத்துகிற நிறுவனம். பொறியியல் கல்லூரி மாணவர்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் செயலிகளில் குறை கண்டுபிடித்துச் சன்மானம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே மாணவர் நம் அரசுத் தளத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்தால் என்ன செய்வார்? இரண்டு வருடம் முன்பு ஒரு மாணவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஒரு தளத்தில் தன் சான்றிதழைத் தரவிறக்கும்போது முகவரியில் இருந்த எண்ணில் கடைசி இலக்கத்தைத் தவறி மாற்றித் தட்டிவிட்டார், வேறு யாரோ ஒருவரின் சான்றிதழ் முழு விவரத்தோடு திறந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் சொன்னதற்கு அப்பா, வாயை மூடிக்கொண்டு இரு, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று திட்டியிருக்கிறார். அப்பாவின் பயம் பொய்யில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகள்படி அனுமதியின்றி ஒரு கணினி அமைப்பில் தீய நோக்கத்தோடு நுழைவதற்கு மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் இருக்கிறது. நோக்கம் நல்லது என்று நிரூபிக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை எத்தனை தடவை ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்? நாங்களே எழுதி செர்ட்-இன் அமைப்புக்கு அனுப்பிவைத்தோம், சில வாரத்தில் சரியானது. எல்லா மாணவர்களுக்கும் இப்படி ஓர் அலுவலகம் பக்கத்தில் இருக்காது. அரசுத் தளத்தில் குறை கண்டால் இந்த முகவரிக்கு எழுதுங்கள், இந்த எல்லைக்குள் சோதித்தால் உங்கள் மேல் வழக்கு வராது, இத்தனை நாளில் பதில் சொல்வோம் என்று மாநில அரசு ஒரே ஒரு பக்கம் வெளியிட்டால் போதும். ஒரு ரூபாய் செலவில்லை.

தனியார் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024 ஜூலை கடைசியில், வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தின் அமைப்பில் ரான்சம்வேர் புகுந்தபோது அவர்களை நம்பியிருந்த 300-ஐ ஒட்டிய கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகளில் யுபிஐ, ஏடிஎம் எல்லாம் நின்றன. பணம் எடுக்க முடியாமல் நின்றவர்களில் எத்தனை பேர் அந்த நிறுவனத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? நான் போகிற இடங்களில் அடிக்கடி பார்க்கிற ஒன்று, சாஃப்ட்வேர் கொடுத்த ஆட்கள் தூரத்திலிருந்து கணினியை இயக்கிச் சரிசெய்வதற்காக எனிடெஸ்க் என்ற மென்பொருளைப் போட்டு, எல்லா ஊருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து, அப்படியே விட்டுப் போயிருப்பார்கள். அதைவிட வசதியான கதவு திருடனுக்குக் கிடைக்காது. ஆகவே எங்களைப் போன்றவர்களோடு போடுகிற ஒப்பந்தம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும். முக்கியமான ஓட்டைக்கு எத்தனை நாளில் பேட்ச், அதாவது அதை அடைக்கும் திருத்தம், போட வேண்டும், ஏதாவது நடந்தால் யார் செர்ட்-இன்னுக்கு அறிவிப்பது, ஒப்பந்தம் முடிந்தால் பாஸ்வேர்டுகளையும் சோர்ஸ் கோடையும் (மென்பொருளின் மூல நிரல்) பதிவுகளையும் (யார் எப்போது நுழைந்து என்ன செய்தார் என்று கணினி எழுதி வைக்கும் குறிப்புகள்) எப்படி ஒப்படைப்பது, எல்லாம் எழுத்தில் வேண்டும். செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும். நான் போன அரசு அலுவலகங்களில் இந்த 180 நாள் பதிவு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, திருட்டு நடந்த வீட்டில் கால்தடத்தை நாமே துடைத்த மாதிரிதான் அது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023-இல் நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, முக்கியக் கடமைகள் 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும், அதாவது 2027 மே. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கைகழுவ முடியாது, தகவலைச் சேகரித்தவர்தான் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. எந்தெந்த அரசு அமைப்புக்கு எவ்வளவு விலக்கு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், தண்ணீர் வரிக்காக என் ஆதாரையும் கைபேசி எண்ணையும் வாங்கி வைத்திருக்கிற நகராட்சி அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு எனக்குச் சட்டம் கூடத் தேவையில்லை.

அப்படியானால் அரசு எதை வாங்க வேண்டும்? என் பதில் சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானது. முதலில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். ஒரு மாவட்டத்தில் அரசு அலுவலகங்களில் எத்தனை கணினி, எந்த விண்டோஸ், எத்தனை இணையதளம், யார் பொறுப்பு என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிற மாவட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புப் பேட்ச் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, நம் அலுவலகங்களில் அது ஓடுகிற கணினிகள் எத்தனை என்று எண்ணாமல் மாற்றுவதற்கு எப்படிப் பட்ஜெட் போடுவார்கள்? அப்புறம் பேக்அப், அதுவும் எடுப்பதோடு நிற்காமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மையிலேயே திரும்ப மீட்டுப் பார்க்கிற வேலை. கணக்குகளைப் பார்த்துக்கொள்வது, மாறுதலாகிப் போனவரின் கணக்கை மூடுவது, இரண்டாவது சரிபார்ப்பு போடுவது. இரவில் பதிவுகளைப் பார்க்க ஓர் ஆள்.

பயிற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர் நிறுவனங்களை யாரும் அடிக்க முடியாத இடம் அது. இப்போது ஊழியர்களுக்குக் காட்டுவது பெரும்பாலும் ஆங்கில வீடியோ, அதில் ஓர் அமெரிக்க ஆபீசில் யாரோ ஒருவருக்குப் பரிசுக் கூப்பன் மின்னஞ்சல் வரும். நம் ஊழியருக்கு வருகிற தூண்டில் வேறு. அகவிலைப்படி உயர்வு அரசாணை என்று ஒரு பிடிஎஃப் வரும். போக்குவரத்து அபராத ரசீது என்று வாட்ஸப்பில் ஒரு ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வரும். சங்கக் குழுவில் தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்தே வரும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அதே மாதிரியான தமிழ்ச் செய்திகளை நாமே அனுப்பி, யார் தொடுகிறார்கள் என்று பார்த்து, தொட்டவரைக் கேவலப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குகிற பயிற்சி வேண்டும். ஓர் அலுவலகத்தில் தனியாக அப்படிச் செய்துபார்த்தோம், முதல் மாதம் பாதிப் பேருக்கு மேல் தொட்டார்கள், நான்காவது மாதம் ஒரு பதிவறை எழுத்தர் அம்மா அச்செடுத்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, தம்பி இது நீங்க அனுப்பினதுதானே என்று சிரித்தபடி வந்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

இந்த வேலைகள் எல்லாம் மாவட்ட அளவில் பிரித்துக் கொடுக்கக்கூடியவை. 38 மாவட்டம், 25 மாநகராட்சி, நூற்றுக்கு மேற்பட்ட நகராட்சிகள், 490-ஐ ஒட்டிய பேரூராட்சிகள், 12,500-ஐ ஒட்டிய ஊராட்சிகள், இவற்றைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நிறுவனம் பார்க்க முடியாது. கண்காணிப்பு மையமும் தரவு மையமும் பெரிய நிறுவனங்களிடமும் சி-டாக்கிடமும் இருக்கட்டும், அதற்கு அந்த அளவு வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் போய்ச் செய்கிற வேலையை மாவட்டவாரியாகச் சின்ன டெண்டர்களாக விடுங்கள், விற்றுமுதல் நிபந்தனையைத் தளர்த்திவிட்டுச் செய்முறைத் தேர்வு வையுங்கள், ஒரு சோதனைச் சர்வரைக் கொடுத்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், யாருக்கு வேலை தெரியும் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். விலைக்கும் தரத்துக்கும் சேர்த்து மதிப்பெண் போடுங்கள். அமெரிக்காவில் 2021-இல் ஒரு சட்டம் மூலம் மாநிலங்களுக்குச் சைபர் பாதுகாப்புக்காக நான்கு வருடத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியபோது, அதில் 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போய்ச் சேர வேண்டும், 25 சதவீதம் கிராமப் பகுதிக்கு என்று விதியிலேயே எழுதினார்கள். தலைநகரிலேயே பணம் தங்கிவிடும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. நம் கொள்கையிலும் அந்த மாதிரி ஒரு வரி வேண்டும்.

பக்கத்திலேயே உதாரணம் வேண்டுமானால் கேரளக் காவல்துறை 2016-இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஆரம்பித்த சைபர்டோம் இருக்கிறது, தனியார் வல்லுநர்களும் தன்னார்வலர்களும் காவலர்களோடு உட்கார்ந்து வேலை பார்க்கிற இடம். குறைகள் இருக்கலாம், ஆனால் வெளியாட்களை உள்ளே விடுவதற்கு ஒரு வாசல் வைத்தார்கள்.

தகவல் தொழில்நுட்பத் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஏதாவது ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய மாவட்டமாக இருக்க வேண்டியதில்லை. அதில் ஒரு வருடத்துக்கு இந்தச் சாதாரண வேலைகளை மட்டும் டெண்டர் விடுங்கள், பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். எத்தனை கணினிகள் கணக்கில் வந்தன, எத்தனை பேக்அப்புகளை மீட்டுப் பார்த்தார்கள், எத்தனை ஓட்டைகளை எத்தனை நாளில் அடைத்தார்கள் என்று வருடக் கடைசியில் வெளிப்படையாகப் போடுங்கள். நாங்களும் போட்டியிடுவோம், தோற்றாலும் அந்த அறிக்கையைப் படிக்கக் காத்திருப்போம்.

இப்படிக்கு,
சைபர் பாதுகாப்புத் துறையில் பணிபுரியும் ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்.